பக்கம் காணவில்லை, கடந்து செல்கிறேன்

சனிக்கிழமையானால் ஒரு மணிக்கெல்லாம் ஏசியை நிறுத்திவிடுவார்கள் என்று சாந்தாமணிக்குத் தெரியும், தெரிந்தேதான் வந்திருந்தாள். வீட்டிலிருந்தே செய்திருக்கலாம், வீட்டில் மின்விசிறியாவது சுற்றும், ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் நடுவில் எழுந்து துணி மடிப்போம், அடுப்பு மேடையைத் துடைப்போம், துடைத்த மேடையை இன்னொரு தடவை துடைப்போம், எதையாவது சாக்கு வைத்து இந்த ஒரு வரியை நாளைக்குத் தள்ளுவோம் என்று தன்னைப் பற்றி அவளுக்குச் சரியான கணிப்பு இருந்தது. சரவணம்பட்டியில் ஐந்தாவது மாடி, எண்பது நாற்காலி, ஒரே ஆள். காபி மெஷின் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது, அதை யாரும் சரிசெய்வதில்லை, அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டார்கள். கொண்டுவந்த எலுமிச்சஞ்சாதத்தைப் பாதி தின்று மூடிவைத்தாயிற்று. திரையில் ஒரு பட்டியல், இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள், ஒவ்வொன்றும் இந்தக் கம்பெனி எழுதி விற்கிற டேட்டாபேஸ் விழுந்து எழும்போது லாக் என்கிற நடப்புப் பதிவில் எழுதிவைக்கிற ஒரு வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு சொல் போட வேண்டும். நாலே நாலு சொற்கள்தான். இன்ஃபோ என்றால் சும்மா சொல்லி வைத்தேன். வார்னிங் என்றால் சொல்லவில்லை என்று அப்புறம் சொல்லாதே. எரர் என்றால் யாராவது ஒரு ஆள் வந்து பார். ஃபேட்டல் என்றால் நான் படுத்துவிட்டேன், இனி உங்கள் பாடு. பத்தொன்பது வருஷ வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் இப்படித்தான் சொல்லித்தருவாள், அவர்களும் சிரிப்பார்கள். இருநூற்றுப் பதினொன்றுக்குப் போட்டாகிவிட்டது. ஒன்று மிச்சம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அதையும் போட்டு அனுப்ப வேண்டும் என்று மேலாளர் வித்யாதரன் சொல்லியிருந்தார், நீங்கள்தான் சீனியர், உங்கள் கையில் விட்டால் எனக்குக் கவலையில்லை என்றும் சொல்லியிருந்தார்.

மிச்சமிருந்த வரி இது: பக்கம் காணவில்லை, கடந்து செல்கிறேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது, எழுதியவள் அவள்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனால் மனசுக்குள் அது எப்போதும் தமிழில்தான் ஓடும், அதுவும் யாரோ ஒருவர் நடந்துகொண்டே சொல்வது மாதிரி. கரண்ட் போய் மெஷின் விழுந்துவிட்டால் மறுபடி எழுந்ததும் டேட்டாபேஸ் செய்கிற முதல் காரியம் தன் குறிப்பேட்டை எடுத்துப் படிப்பது. எதைச் செய்வதற்கு முன்னாலும் இதைச் செய்யப்போகிறேன் என்று அதில் எழுதிவிட்டுத்தான் செய்யும், ரொம்ப ஒழுங்கான பிறவி. எழுந்ததும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, செய்தேனா இல்லையா என்று யோசிக்காமல் எல்லாவற்றையும் திரும்பச் செய்துகொண்டே வரும். ஏழாம் பக்கத்தில் இன்னாரின் பெயரை எழுது என்று குறிப்பு சொல்லும், போய்ப் பார்த்தால் ஏழாம் பக்கமே இருக்காது. பெரும்பாலும் அதில் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் இருந்த அட்டவணையையே பிற்பாடு யாரோ வேண்டாமென்று அழித்திருப்பார்கள், அழித்த குறிப்பு இன்னும் நாலாயிரம் வரி தள்ளி வரும், அங்கே போனதும் ஓ இதுதானா என்று தெரிந்துவிடும். ஆனால் சில சமயம் யாரும் அழித்திருக்க மாட்டார்கள், டிஸ்க்தான் தின்றிருக்கும். ஏழாம் பக்கத்தின் முன்னால் நிற்கிற அந்த நேரத்தில் எது என்று தெரியாது, கடைசிவரை படித்தால்தான் தெரியும், ஆனால் சொல்லை இப்போதே போட வேண்டும். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் யோசனை ஒவ்வொரு தடவையும் முள்ளில் புடவை மாட்டின மாதிரி நின்றுவிடும், மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நடப்பாள், மறுபடி அங்கேயே மாட்டும்.

முதலில் அது எரராகத்தான் இருந்தது. அவள்தான் போட்டிருந்தாள். அப்புறம் வித்யாதரன் வந்தார், வந்த வருஷமே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். யார் ஒன்றை எரர் என்று போடுகிறார்களோ அவர்களுடைய பெயரும் போன் நம்பரும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எந்த வாடிக்கையாளருடைய மெஷினில் அது வந்தாலும் முதல் மணி அவர்களுக்குத்தான் அடிக்கும். சும்மா சும்மா எரர் போட்டு ஊரைக் கூட்டுகிறார்கள், தன் காதில் அடித்தால் யோசித்துப் போடுவார்கள் என்பது அவர் கணக்கு. யோசித்தார்கள். ஒரே வருஷத்தில் தொண்ணூறு எரர் ஒன்பதாகக் குறைந்தது. டேட்டாபேஸ் ஒன்றும் திருந்தவில்லை, அது பாட்டுக்கு அதே இடங்களில் இடறிக்கொண்டுதான் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. அதற்கு ஒரு கேக் வெட்டினார்கள், அவளும் ஒரு துண்டு தின்றாள். ஆனால் அவளுடைய வரி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் அடித்தது, பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது அடித்தது, தங்கை ஜோதிமணி பெண்ணின் காதுகுத்தில், குழந்தையை மடியில் வைத்துத் தட்டான் ஊசியை எடுத்த நேரத்தில் அடித்தது. பரமத்தி ஊர் முழுக்கக் கூடியிருந்த பந்தலில் அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுச்சோற்று அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து நாலாயிரம் வரி படித்து, ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்து எழுந்து வந்தபோது இலையெல்லாம் எடுத்துவிட்டார்கள். உன்ற போனைத் தூக்கிக் கெணத்துல போடுக்கா என்றாள் ஜோதிமணி, சிரிக்காமல். அந்த ஒரு மாதத்தில் பதினேழு தடவை அடித்தது, பதினேழும் ஒன்றுமில்லாதவை. அடுத்த செவ்வாய்க்கிழமை, மத்தியானம் காபிக்குப் போகும் முன்னால், எரர் என்றிருந்த சொல்லை வார்னிங் என்று மாற்றினாள். சத்தம் குறைப்பு என்று ஒரு குறிப்பு எழுதினாள். எட்டிப்பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள் எட்டிப்பார்க்காமலேயே போட்டான். இரண்டு நிமிஷ வேலை. சரியாகச் செய்வதென்றால் எப்படிச் செய்யவேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும், காணாமல் போன பக்கங்களை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, அழித்த குறிப்பு வரும்போது ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஏதாவது மிஞ்சினால் அப்போது கத்த வேண்டும், அதற்கு நாலைந்து நாள் ஆகும். நாலைந்து நாள் இல்லாமலில்லை. போதும் போதும் என்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் போன் அடிக்கவில்லை. முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாவது வாரம் போனைக் கையில் எடுத்து சத்தம் வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது, இத்தனை நாளும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான், வேறு யாரும் கூப்பிடவில்லை. இதை நினைத்தால் அவளுக்கு அழுகை வருவதில்லை, ஒரு மாதிரி வெட்கமாக இருக்கும், தெருவில் செருப்பு அறுந்து நிற்கிற வெட்கம். புருஷன் சிவராசு கூட இருந்தவரை அவன் கூப்பிடுவான், வரும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று. எட்டு வருஷம் இருந்தான். சண்டை கிண்டை எதுவும் இல்லை, அக்கம்பக்கத்தில் அவர்களை உதாரணம் காட்டுவார்கள், அவன் குரலை உயர்த்தி அவள் கேட்டதே கிடையாது. கேஸ் தீர்ந்துபோச்சு என்பான். செருப்பு வாசல்ல நனையுது என்பான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதே குரலில், இந்த வீட்டுல எனக்கு முடியல சாந்தா, நான் ஈரோட்டுக்கே போயர்றேன் என்றான், அவள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு சரி என்றாள், அவன் ஏதோ இரண்டு நாளைக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தாள். எல்லாம் ஒரே குரல், எதுவும் எதையும் விடப் பெரியதாகக் கேட்கவில்லை. பிற்பாடு வருஷக்கணக்கில் அவள் பின்னால் போய்ப் போய்த் தேடினாள், எந்த வாக்கியம் முதலில் வந்தது, எங்கே நின்று பார்த்திருக்க வேண்டும் என்று. ஒரு தீபாவளிக்கு அவன் புதுச்சட்டையைப் போடாமலேயே மடித்து வைத்தான். ஒரு தடவை மருதமலைப் படியில் நடுவில் உட்கார்ந்து நீ போய்ட்டு வா என்றான். அதெல்லாம் ஒன்றுமில்லாதவைதான், அந்தந்த நேரத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கடைசிவரை படித்தவளுக்கு இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய. போன வாரம் குளியலறையில் தலை சுற்றி வாளியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தபோது அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம், விழுந்து கிடந்தால் யாருக்கு எப்போது தெரியும் என்பதுதான். காலைக் கூட்டத்தில் காணோமென்றால் லீவு என்று நினைப்பார்கள். இரண்டாம் நாள் லீவு சொல்லாமல் போட்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். பால்காரர் பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவார், மறுநாள் அதன் மேலேயே இன்னொன்றைப் போடுவார். கணக்குப் பார்த்தாள், நாலு நாள் ஆகும் என்று வந்தது. பயமாகத்தான் இருந்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள், ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றாள்.

செக்யூரிட்டி மயில்சாமி கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தார். ஏனுங்கம்மிணி, ஏசி நின்னு போச்சு, கீழ வந்தாக் காத்தாடும் என்றார். இன்னும் கொஞ்ச நேரங்கண்ணா என்றாள். அவர் எண்பது நாற்காலிகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். முதுகு வியர்த்து ஜாக்கெட் ஒட்டியது, கார்ப்பெட்டிலிருந்து ஈர நாய் மாதிரி ஒரு வாடை கிளம்பியது, கண்ணாடிக்கு வெளியே சத்தி ரோட்டில் லாரிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு அந்த லேத் பட்டறைக்காரர் ஞாபகம் வந்தது. அவரை அவள் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. ரத்த வங்கிகள் சில சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பட்டியல் இவர்களுடைய டேட்டாபேஸில்தான் இருக்கிறது, எந்த ஊரில் எந்த வகை ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள், அவர்களை எந்த நம்பரில் கூப்பிடுவது என்று. ஏப்ரலில் ஒரு நாள் காலை அங்கே கரண்ட் போய் மெஷின் விழுந்தது, எழுந்தது, குறிப்பேட்டைப் படித்தது, நாற்பத்தோரு இடத்தில் பக்கம் காணவில்லை, கடந்து செல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கடந்து சென்றது, தயார் என்று கதவைத் திறந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் அதில் இல்லை. யாரும் கவனிக்கவில்லை, எப்படிக் கவனிப்பார்கள், இல்லாதவர்கள் வந்து நான் இல்லை என்றா சொல்வார்கள். ஒரே ஒருவர் வந்து சொன்னார். அபூர்வ வகை ரத்தம் உள்ள ஒரு மனிதர், லேத் பட்டறை வைத்திருப்பவர், பதினொரு வருஷமாகக் கொடுப்பவர், ஜூன் மாதம் தானாகவே ரத்த வங்கிக்கு வந்து நின்றிருக்கிறார். மாசத்துக்கு ஒருக்காவாவது எப்டி இருக்கீங்கன்னு கூப்புடுவீங்களே, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் தேடினார்கள். பழைய நகல்கள் முப்பது நாளைக்குத்தான் இருக்கும், முப்பது நாள் தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அவருடைய வகை ரத்தம் வேண்டுமென்று மூன்று தடவை தேடியிருந்தார்கள் என்று பிற்பாடு எடுத்த கணக்கில் இருந்தது, மூன்று தடவையும் யாரும் இல்லை என்று பதில் போயிருந்தது. தேடியவர்கள் வேறு எங்காவது வாங்கிக்கொண்டார்களா, கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று கணக்கில் இல்லை. சாந்தாமணி அந்த மூன்றையும் அடிக்கடி எண்ணிப்பார்ப்பாள், சாதம் பிசையும்போது, சிக்னலில் நிற்கும்போது, ஒன்று, இரண்டு, மூன்று.

ஏப்ரலில் அந்தக் காலை டியூட்டியில் இருந்தவன் இருதயராஜ். திண்டுக்கல்காரன், முப்பது வயசு, அவளிடம்தான் வேலை கற்றான், மணிக்கா மணிக்கா என்று நாற்காலியை உருட்டிக்கொண்டே வருவான், வாங்கிவந்த முறுக்கைப் பொட்டலத்தோடு அவள் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்ப உருட்டிக்கொண்டு போவான். விசாரணைக் கூட்டம் சின்ன அறையில் நடந்தது, ஐந்து பேர், அவளும் ஒருத்தி. மெஷின் எழுந்த பிறகு லாக்கைப் படித்தாயா என்று வித்யாதரன் கேட்டார். படிச்சேன் சார் என்றான். நாற்பத்தோரு தடவை வந்திருக்கிறதே என்று கேட்டார். வார்னிங்னு வந்துச்சு சார் என்றான், அதற்கு மேல் பேசவில்லை. வார்னிங் என்றால் படிக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று வித்யாதரன் கேட்டார். அந்தச் சொல்லை யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அன்றைக்கு ராத்திரி அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மறுநாள் அதை நம்பவும் பார்த்தாள். பணியில் இருந்தவர் லாக்கைக் கவனமாகப் படிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். அறிக்கையை எல்லோருக்கும் காட்டினார்கள், ஒரு இடத்தில் தேதி தப்பாக இருந்தது, அவள் அதைச் சுட்டிக்காட்டினாள், திருத்தினார்கள், நன்றி மேடம் என்றார்கள். இருதயராஜை நீக்கவில்லை, நீயாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, சான்றிதழில் ஒன்றும் வராது என்றார்கள். ஜூன் கடைசியில் போனான். இது ஆகஸ்ட். அவன் நாற்காலி அந்த எண்பதில் எங்கேயோ இருக்கிறது, எது என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே மாதிரி நாற்காலிகள்.

இப்போது எல்லாம் சரியாக எழுதியாயிற்று. ஒரு வாரமாக உட்கார்ந்து, அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதைச் செய்துவிட்டாள். காணாமல் போன பக்கம் ஒவ்வொன்றும் பட்டியலில் ஏறும், காரணம் கிடைத்தால் இறங்கும், கடைசியில் ஏதாவது மிஞ்சினால் ஒரு சொல் போட வேண்டும், அந்தச் சொல் எரரா ஃபேட்டலா. எரர் என்றால் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிடும். ஃபேட்டல் என்றால் ஆள் வந்து பார்க்கும்வரை கதவே திறக்காது, ரத்த வங்கி இரண்டு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும், அந்த இரண்டு மணி நேரத்தில் யாராவது ஒருவர் பிரசவ வார்டில் கிடக்கலாம். அதையும் நினைத்துப் பார்த்தாள், ரொம்ப நேரம் நினைத்தாள். கதவு சாத்தியிருந்தால் வந்தவர் திட்டிக்கொண்டே வேறு கதவைத் தட்டப் போவார். யாரும் இல்லை என்று பதில் வந்தால் நம்பிவிடுவார். நம்பித் திரும்பிப் போவதுதான் பெரிய ஆபத்து என்று அவளுக்குப் பட்டது. ஃபேட்டல் என்று அடித்தாள். அது சுலபமாகத்தான் இருந்தது. கஷ்டம் அந்தச் சொல்லில் இல்லை, அதை எந்தக் கோப்பில் வைப்பது என்பதில் இருந்தது. பழைய கோப்பில் பழைய வரியையே மாற்றினால், திங்கட்கிழமை சரிபார்க்கிறவர் கண்ணில் அந்த வரியின் பூர்வீகம் முழுக்கத் தெரியும், முதலில் எரர், இன்ன தேதியில் இன்னாரால் வார்னிங் ஆக்கப்பட்டது, சத்தம் குறைப்பு. அதையே புதுக் கோப்பில் புதிதாக எழுதிப் பழையதை எடுத்துவிட்டால் யார் கண்ணிலும் எதுவும் படாது, துப்புரவாக வேலை செய்திருக்கிறாள் என்றுகூடச் சொல்வார்கள். இரண்டு மணிக்கே அப்படி ஒரு புதுக் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் அதில் மாற்றி வைத்துவிட்டாள், ஏன் அப்படி வைத்தேன் என்று கேட்டால் ஒழுங்குக்காக என்று சொல்ல ஒரு வாக்கியம்கூட அவளிடம் தயாராக இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அனுப்பு என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்து எடுத்தாள், வைத்து எடுத்தாள். மூன்றரை மணிக்கு வெயில் கண்ணாடியில் சாய்ந்து திரை தெரியாமல் போனது, அதில் அவள் முகம் தெரிந்தது, நாற்பத்தாறு வயசு, கழுத்தெல்லாம் வியர்வை. இந்த வேலை போனால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தாள். வேலை போகாமலும் இருக்கலாம், ஆனால் கூட்டங்களில் சாந்தாமணி மேடம் சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்வது போய்விடும், காலையில் லிஃப்டில் பேசுவது குறைந்துவிடும், அவளுக்கு இருக்கிற மனிதர்களே இவ்வளவுதான், இந்த லிஃப்ட் மனிதர்கள்தான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வாள். துணி மடிப்பாள். அவள் புதுக் கோப்பை மூடினாள், வேண்டாம் என்று அழித்தாள், பழைய கோப்பைத் திறந்து பழைய வரியின் மேலேயே எல்லாவற்றையும் எழுதினாள். கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. முதலில் நாகரிகமாக ஏதோ எழுதி அழித்தாள். பிறகு எழுதினாள்: இதை எரரிலிருந்து வார்னிங் ஆக்கியது நான். போன் தொந்தரவு தாங்காமல் செய்தேன். ஏப்ரலில் பதிவுகள் போனதற்குக் காரணம் இதுதான். இருதயராஜ் மீது எழுதப்பட்ட அறிக்கை தவறு, திருத்த வேண்டும். படித்துப் பார்க்காமல் அனுப்பினாள், படித்தால் மாற்றிவிடுவாள் என்று தெரியும். அனுப்பியதும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். பசித்தது, அவ்வளவுதான். டப்பாவைத் திறந்து மிச்சச் சாதத்தை நின்றுகொண்டே தின்றாள்.

கை கழுவிவிட்டு வந்து இருதயராஜைக் கூப்பிட்டாள். எடுக்க மாட்டான் என்று நினைத்தாள், இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் குக்கர் சத்தமும் யாரோ ஒரு குழந்தை எதையோ தட்டும் சத்தமும் கேட்டது, அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னான், மதுரையில் ஒரு இடத்தில் வேலைக்குக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரச்சொல்லவில்லை என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டாள். மணி நாலாகுதேக்கா என்றான். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். பிறகு அவள் சொன்னாள்.

"இருதயம், அந்த வரிய வார்னிங் ஆக்குனது நான்தான். இப்பத்தான் எழுதி அனுப்புனேன். திங்கக்கெழம எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

குழந்தை தட்டுவது நின்றது, அவன் வேறு அறைக்கு நடந்து போகிறான் என்று தெரிந்தது.

"தெரியும்க்கா" என்றான்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"அன்னைக்குக் காலைலயே. நாப்பத்தோரு தடவ வந்துச்சுல்ல, ஒரு மாதிரி இருந்துச்சு. யாரு வார்னிங் போட்டதுன்னு எடுத்துப் பாத்தேன், உங்க பேரு இருந்துச்சு. மணிக்கா போட்டா யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்கன்னு மூடி வச்சுட்டேன்."

அவன் படித்திருக்கிறான், கவனமாகவே படித்திருக்கிறான், அத்தனை பேரிலும் அவன் ஒருத்தன்தான் நின்று பார்த்திருக்கிறான். அவள் பெயரைப் பார்த்த பிறகுதான் கடந்து போயிருக்கிறான். இதை அவள் எந்தக் கணக்கிலும் எதிர்பார்க்கவில்லை, வேலை போவதை எதிர்பார்த்தாள், அவன் திட்டுவதை எதிர்பார்த்தாள், அழுவான் என்றுகூட எதிர்பார்த்தாள்.

"அப்பறம் ஏன் அந்த ரூம்ல நீ சொல்லல?"

"நீங்க எதுத்தாப்லதானக்கா உக்காந்திருந்தீங்க" என்றான். "உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டிருப்பாள், அதற்கான வாக்கியங்கள் இருந்தன, கை கழுவும்போதே சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதில் ஒன்றும் உதவவில்லை. நான் கவனிக்கவில்லையப்பா என்று சொல்லலாம், அவன் நம்பிவிடுவான், அவள் சொன்னால் நம்புகிறவன்தான் அவன்.

"பாத்தேன்" என்றாள். "நீ என்னப் பாத்தத நான் பாத்தேன் இருதயம். பாத்துட்டுத்தான் குனிஞ்சுக்கிட்டேன்."

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டு, கிட்டத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.